ஞானமுத்து மாமா விழுங்கும் வரி

ஜெபம் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விதியை நான் மீறினேன். பக்தி குறைந்ததால் அல்ல. கணுக்காலில் எறும்பு கடித்ததால்.

எங்கள் ஊர்க் கோவிலில் பெஞ்சு கிடையாது. (நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். சர்ச் என்பது டவுன்காரர்கள் பேச்சு.) தரையில் கோரைப்பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே எறும்புகளுக்கு வழி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் நடந்தால் ஊர் வந்துவிடும். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் அங்கேதான் குடியிருக்கிறேன்... இனிமேலும் குடியிருக்க ஆசை.

எறும்பு கடித்தபோது பரமண்டல ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. 'ஓடிக்கொண்டிருந்தது' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இயேசு தம் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபம் அது. நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் மிஷன் பள்ளியில் படித்திருந்தால் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். என் வகுப்பில் அதை அட்சரம் பிசகாமல் சொல்லிப் பரிசு வாங்கியவன், வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவாளர் குடும்பத்துப் பையன். நாங்கள் கைதட்டினோம்.

சரி, எங்கள் சபை அதை என்ன ஸ்பீடில் சொல்லும் தெரியுமா? தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பஸ் பந்தல்குடியில் நிற்காமல் பறக்குமே — அந்த ஸ்பீடில். "பரமண்டலங்களிலிருக்கிற" என்று சபையை நடத்தும் உபதேசியார் ஆரம்பிப்பார். அவர் "பிதாவே" என்று வந்து சேர்வதற்குள் பின்வரிசை 'உம்முடைய ராஜ்யம்' வரியைத் தாண்டியிருக்கும். பெண்கள் பக்கம் அதற்கும் முன்னால். ஆமென் வரும்போதுதான் எல்லோரும் மறுபடி சந்தித்துக்கொள்வோம்.

கண்ணைத் திறந்த நான் எறும்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் ஞானமுத்து மாமா. சொந்த மாமா இல்லை. எங்கள் ஊரில் மாமாவாக இல்லாதவர் பெரியப்பாவாக இருப்பார், அவ்வளவுதான். கமலையில் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறவர். மாட்டை அதட்டினால் திருச்சுழிக்குக் கேட்கும் என்பார்கள். அந்தக் குரலில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கணீரென்று சொன்னார்.

அடுத்த கணம் — கரண்ட் கட்!

குரல் நின்றுவிட்டது. உதடு இரண்டும் பூட்டுப் போட்டதுபோல் மூடியிருந்தன. சுற்றிலும் சபை, "எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்று மூச்சு விடாமல் கடந்து போனது. மாமா அசையவில்லை. "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்..." என்று அடுத்த வரி தொடங்கியதும் கரண்ட் வந்துவிட்டது. முழு வோல்டேஜில் ஆமென் வரைக்கும் போனார்.

மறந்திருப்பாரோ? மூச்சு வாங்கியிருப்பாரோ?

அடுத்த ஞாயிறு எறும்பு கடிக்கவில்லை. இருந்தும் கண்ணைத் திறந்தேன். அதே இடத்தில் அதே பூட்டு. அதற்கும் அடுத்த ஞாயிறு... அதே.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன்.

"மாமா, ஜெபத்துல ஒரு வரியை முழுங்கிர்றீகளே?"

"ஒனக்கு எப்படித் தெரியும்? கண்ணைத் தொறந்து வச்சிருந்தியாக்கும்?"

"எறும்பு மாமா."

"வாராவாரமா?"

நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தேன். அவர் விடவில்லை.

"பி.ஏ. படிச்சிருக்கேல்ல? அந்த வரிக்கு அர்த்தம் சொல்லு பாப்போம்."

"நமக்குத் தப்புப் பண்ணவுகளை நாம மன்னிக்கிற மாதிரி, எங்களையும் மன்னியும் ஆண்டவரேன்னு கேக்குறோம்."

"மன்னிக்கிற மாதிரிதானே?"

"ஆமா."

"நான் எந்தம்பி சாமுவேலை மன்னிச்சிருக்கேனா?"

ஊருக்கே தெரிந்த விஷயம். "இல்லை மாமா."

"அப்ப நான் அதைச் சொன்னா, ஆண்டவர் என்னய என்ன செய்யணும்? 'ஞானமுத்து, நீ சாமுவேலை வச்சிருக்கிற மாதிரியே நானும் ஒன்னய வச்சுக்கிறேன்'னுட்டா? வாயைத் தொறந்து வம்பை வெலைக்கு வாங்கச் சொல்றியா? மத்த வரியெல்லாம் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். அதுல மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதை நேர்மை என்று நினைத்து உருகிவிடாதீர்கள். அது பிடிவாதம். ஆனால் என்ன... அந்தப் பிடிவாதத்துக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

இப்போது சாமுவேல் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவருக்கும் அப்பா விட்டுப்போனது ஒரே கிணறு. பங்குக் கிணறு. ஒரு நாள் அண்ணன் மாடு கட்டி இறைப்பார், மறுநாள் தம்பி. போன வருஷம் அன்னத்தாய் அத்தைக்கு — ஞானமுத்து மாமாவின் மனைவி — கண் ஆபரேஷன். மாமா அவரை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போய் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. அந்த நாட்களில் அண்ணன் முறைத் தண்ணீரையும் தம்பியே இறைத்துத் தன் பருத்திக்குப் பாய்ச்சிவிட்டார். மாமா திரும்பி வந்து பார்த்தபோது, பூவிட்டிருந்த மிளகாய்ச் செடியெல்லாம் சுருண்டு கிடந்தது.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். செடிக்குப் பாதி விட்டுட்டுப் பாதி எடுத்துக்கோன்னிருப்பேன். கேக்கல பாத்தியா?" — இது அண்ணன்.

"யாரைக் கேக்க? மதுரைக்குத் தந்தி அடிக்கச் சொல்றாகளா? தண்ணி சும்மா கெடந்து ஆவியாப் போகவா?" — இது தம்பி.

இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை நீடிக்கிறது. முழுத் தப்பும் ஒருவர் பேரில் இருந்தால் ஊரே கூடி ஒரு நாளில் முடித்துவிடும்.

அன்றிலிருந்து பேச்சு கிடையாது. கிணற்றடியில் சந்திக்க நேர்ந்தால் மாட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். "ஏ செவலை, இன்னைக்கு நம்ம முறைன்னு சில பேருக்கு மறந்துபோச்சு போல" என்பார் இவர். "ஏ மயிலை, வழியில நிக்கிறவுக வெலகினாத்தானே நாம போக முடியும்" என்பார் அவர். இரண்டு மாடுகளுக்கும் உலக விவகாரம் அத்துப்படி.

சாமுவேல் மாமா கோவிலில் அந்த வரியை எப்படிச் சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? சபையிலேயே அவர்தான் உரக்கச் சொல்வார்! "எங்களுக்கு விரோதமாய்" என்று வரும்போது குரல் ஏறும். "குற்றஞ்செய்கிறவர்களுக்கு" என்று ஒரு அழுத்தம் விழும். ஜெபம் மேலே போவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் அண்ணன் உட்கார்ந்திருக்கும் பாயை நோக்கிப் போகும்.

இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. கிணறு பாறையைத் தொட்டுவிட்டது. இரண்டு பேர் காட்டிலும் மிளகாய் நிற்கிறது. முறை எடுத்து இறைத்தாலும் கமலைச் சால் பாதிதான் நிரம்புகிறது. வெடி வைத்து ஆழப்படுத்தினால் ஊற்று கிடைக்கும். கிணற்று வெடிக்காரர்கள் அப்போது பந்தல்குடிப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ராமநாதபுரம் பக்கம் கிளம்புவதாக இருந்தார்கள். அவர்களைக் கூட்டிவரச் சொல்லி அண்ணனும் ஆள் அனுப்பினார், தம்பியும் ஆள் அனுப்பினார். தனித்தனியாக. மேஸ்திரி இரண்டு பேரிடமும் ஒன்றையே சொல்லிவிட்டார்.

"பங்குக் கெணறா? ரெண்டு பங்காளியும் ஒண்ணா வந்து கெணத்து மேட்டுல நிக்கச் சொல்லுங்க. ஒருத்தர் வெடி வையிம்பாரு, கல்லு தெறிச்சா இன்னொருத்தர் போலீசுக்குப் போவாரு. எனக்கு எதுக்குய்யா?"

ஒன்றாக நிற்பதா? அவர் வரட்டும் என்றார் இவர். இவர் வரட்டும் என்றார் அவர். மிளகாய்ச் செடி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு வாரம் தாங்கும்.

எனக்கு யோசனை உதித்தது இங்கேதான். உதிக்கும் — எனக்கு அது ஒரு வியாதி.

சபை முழுக்க அர்த்தம் தெரியாமல் ஜெபத்தை ஓட்டுகிறது. அதுதானே கோளாறு? அர்த்தத்தைப் பொறுமையாக விளக்கினால் என்ன ஆகும்? சாமுவேல் மாமாவுக்கு உறைக்கும். ஞானமுத்து மாமா இளகுவார். கண்ணீர்... அணைப்பு... வெடி... ஊற்று... மிளகாய்ப் பழம்! புதன்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தில் ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம். உலகத்தில் இவ்வளவு சுலபமான வேலையை இதுவரை ஏன் யாரும் செய்யவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

உபதேசியாரிடம் போனேன். குருவானவர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் சபை உபதேசியார் பொறுப்பு. யோசனையைக் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அர்த்தமா... நல்லதுதான் தம்பி. ஆனா ஒண்ணு. நானும் நாலு சபை பாத்துட்டேன். மனப்பாடமாச் சொல்றவுகள்லாம் சொகமா இருக்காக. அர்த்தம் தெரிஞ்சவுகதான் படுத்தாத் தூக்கம் வராம கெடக்காக."

"அப்ப வேண்டாங்கிறீகளா ஐயா?"

"வேண்டாம்ங்கலை. இந்தப் புதன்கிழமை நான்தான் பேசணும். இன்னும் ஒண்ணும் தயார் பண்ணலை. நீயே பேசிரு."

இப்படித்தான் எனக்கு அனுமதி கிடைத்தது.

புதன்கிழமை கூட்டம் உபதேசியார் வீட்டு முற்றத்தில். பெட்ரோமாக்ஸ் விளக்கு. அவித்த கடலை உண்டு என்று நான் முன்கூட்டியே செய்தி பரப்பியிருந்தேன். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். அண்ணன் ஒரு மூலையில், தம்பி எதிர் மூலையில்.

வரி வரியாக ஆரம்பித்தேன். "'எங்கள் பிதாவே' என்கிறோம். அப்பா ஒருத்தர் என்றால் இங்கே இருக்கிற எல்லோரும் அண்ணன் தம்பிதானே?"

ஞானமுத்து மாமா வானத்தைப் பார்த்தார். சாமுவேல் மாமா தரையைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணன் தம்பிங்காதீக தம்பி. பெறகு எல்லாரும் கெணத்துக்கு அடிச்சிக்கிருவோம்."

சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரமாயிற்று. 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்ற இடத்தில், அது எலெக்ஷனுக்கு முன்னாலயா பின்னாலயா என்று ஒருவர் கேட்டார். 'ஆகாரத்தை இன்று தாரும்' என்ற இடத்தில், "இன்னைக்குக் கேட்டா எப்படிக் கெடைக்கும்? ரேஷன் கடை இன்னைக்கு லீவு" என்றார் இன்னொருவர். நான் கலங்கவில்லை. எல்லாம் அடுத்த வரிக்குத்தானே!

அந்த வரி வந்தது. நானும் முறுக்கேறி நின்றேன்.

"நாம என்ன சொல்றோம், நல்லாக் கவனிங்க. 'ஆண்டவரே, எங்களுக்குத் தப்புப் பண்ணவுகளுக்கு நாங்க எவ்வளவு மன்னிப்பு அளந்து போடுறோமோ, அதே மரக்காலை எடுத்து எங்களுக்கும் அளந்து போடும்.' மரக்கால் நம்ம வீட்டு மரக்கால். அது ஓட்டை மரக்காலா இருந்தா... நமக்கு வர்றதும் அந்த ஓட்டை மரக்கால்லதான் வரும்."

கடலை உரிக்கும் சத்தம் நின்றது.

"தம்பி, நெசமாவே அப்படியா போட்டிருக்கு?" என்றார் ஒருவர்.

"அச்சுல இருக்கு."

"ஆத்தாடி!" — பெண்கள் பக்கத்திலிருந்து அன்னத்தாய் அத்தை. "இத்தனை வருசமா இதையா சொல்லிக்கிட்டு இருந்தோம்?"

"நான் அந்த வரி வரும்போதெல்லாம் எங்க மாமியாரை நெனச்சுக்கிட்டே சொல்லிருக்கேனே!" என்றது ஒரு இளம் குரல்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமியார், "நான் மட்டும் யாரை நெனச்சேங்கே? ஒன்னயத்தான்டி" என்றார்.

அதன்பிறகு சபை என்னிடமிருந்து ஜெபத்தைப் பிடுங்கிக்கொண்டது. எல்லோரும் சந்து பொந்து தேட ஆரம்பித்தார்கள். மன்னிச்சுட்டேன், ஆனா அவுக வாசலை மிதிக்க மாட்டேன் — செல்லுமா? மன்னிச்சுட்டேன், ஆனா அவுக வந்து கேக்கட்டும் — செல்லுமா? 'நான் மன்னிச்சுட்டேன், ஆண்டவர் பாத்துக்குவாரு' — இது?

இந்தக் கடைசிச் சரக்கு எங்கள் பக்கத்தில் ரொம்பப் பிரபலம். இதைச் சொல்லும் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் மன்னிப்பு ஒரு துளி இருக்காது. அடிக்கிற வேலையை மேலிடத்துக்குக் கான்ட்ராக்ட் விடுகிறார்கள், அவ்வளவுதான்! இதை நான் அங்கேயே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

சாமுவேல் மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏலே, என்னயக் குறி வச்சுத்தானே இந்தக் கூட்டம்? கடலையெல்லாம் அவிச்சு..."

"அய்யோ, இல்லை மாமா—"

ஞானமுத்து மாமா பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்துப் பேசினார். "குத்தம் பண்ணாதவுகளுக்கு எதுக்குக் குறுகுறுக்குதாம்?"

சாமுவேல் மாமாவும் விளக்குக்கே பதில் சொன்னார். "ஒரு வருசமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறவுகளுக்கு ஜெபம் ஒரு கேடா?" போய்விட்டார். கூட்டம் கலைந்தது. உபதேசியார் மீதிக் கடலையை என் கையில் கொடுத்து, "நல்ல விளக்கம் தம்பி" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வெடிக்காரர்கள் கிளம்புகிறார்கள். புதன்கிழமைக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் மாடு வழியாகத்தான் பேசினார்கள். இப்போது விளக்கு வழியாக ஏசிக்கொள்கிறார்கள். என் விளக்கத்தால் கிடைத்த முன்னேற்றம் அது. வியாழன், வெள்ளி, சனி — நான் அவர்கள் தெருப் பக்கமே போகவில்லை. ஓடைப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன். வழியில் ஞானமுத்து மாமாவின் மிளகாய்க் காட்டைக் கடக்க வேண்டியிருந்தது. நடுப்பகலில் செடிகள் இலையைத் தொங்கவிட்டிருந்தன. போன வருஷத்துச் செடிகள் முதலில் இப்படித்தான் தொங்கின என்று அன்னத்தாய் அத்தை சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

உபதேசியார் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார். முதல் வரியிலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. எக்ஸ்பிரஸ் டவுன் பஸ்ஸாகியிருந்தது! ஒவ்வொரு வரியிலும் நின்று, ஆள் ஏற்றி, இறக்கி... முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே இடத்தில் இருந்தன. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒன்றாகவே ஆகாரம் கேட்டோம். எனக்கு நெஞ்சு விம்மியது. பார்த்தீர்களா, அர்த்தத்தின் சக்தியை!

"எங்களுக்கு விரோதமாய்..." என்றார் உபதேசியார்.

யாரும் வரவில்லை.

சபை முழுக்கக் கரண்ட் கட்.

"குற்றஞ்... செய்கிறவர்களுக்கு..." என்றார். தன் குரல் மட்டும் தனியாகப் போவது அவருக்கே கேட்டுவிட்டது. சுருதி இறங்கியது. "நாங்கள்..." என்றார். அதற்குமேல் அவராலும் போக முடியவில்லை. உபதேசியார்களுக்கும் மன்னிக்க முடியாதவர் யாராவது ஒருவர் இருப்பார்தானே? நின்றுவிட்டார்.

நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஊருக்கே விளக்கம் சொன்னவன். வாயைத் திறந்தேன். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, என் சர்டிபிகேட்டைக் கண்ணாலேயே பார்க்காமல் "அப்புறம் வா" என்கிற ஒரு முகம் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

மேலே ஓட்டு இடுக்கில் குருவி சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். பாதி ஜெபத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். முன்னால் போக வரி தடுக்கிறது. பின்னால் போக வழியில்லை. ஆமென் சொல்லாமல் எழுந்திருக்கவும் முடியாது. இப்படி ஒரு விபத்து எந்தச் சபையிலாவது நடந்திருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

கண்ணைத் திறந்தேன். ஞானமுத்து மாமாவும் திறந்திருந்தார். பாவம், இத்தனை நாளும் மற்றவர்கள் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு மௌனமாக இருந்தவர். இன்றைக்கு ஒளிய இடமில்லை. மெல்லத் திரும்பி எதிர் மூலையைப் பார்த்தார். அங்கே வாராவாரம் உரக்கச் சொல்கிற தம்பியின் வாயும் மூடியிருந்தது. அவர் கண்ணும் திறந்திருந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவே மாடு இல்லை. விளக்கு இல்லை.

அன்னத்தாய் அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏங்க, யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்! ஆமென் போடாம எப்படி எந்திரிக்கிறது? நான் அடுப்புல சோத்த வச்சிட்டு வந்திருக்கேன்."

ஞானமுத்து மாமா தொண்டையைச் செருமினார். சபையே காதைத் தீட்டிக்கொண்டது. இதோ... சொல்லப் போகிறார்!

சொல்லவில்லை.

"நாளைக்கு வெடிக்காரன் வந்தா நான் கெணத்து மேட்டுக்கு வாரேன்" என்றார், எதிர் மூலையைப் பார்த்தே. "மன்னிப்பு கின்னிப்பெல்லாம் எங்கிட்ட இல்லை. ஆளு நிக்கணும்னா நிக்கிறேன். அம்புட்டுத்தான்."

சாமுவேல் மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளிலேயே போட்டார்.

"எனக்கும் யாரு மன்னிப்பும் வேண்டாம்" என்றார். "மத்தியானத்துக்கு மேல சைக்கிள்ல பந்தல்குடி போயி மேஸ்திரியைப் பாத்துட்டு வாரேன்... ண்ணே."

கடைசியில் வந்தது 'அண்ணே'தானா, வெறும் இருமலா என்று ஊரில் இன்னும் விவாதம் நடக்கிறது. நான் சாமுவேல் மாமா பக்கத்தில் இல்லை; தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

உபதேசியார் அனுபவசாலி. கிடைத்த இடைவெளியில் சட்டென்று, "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று அடுத்த வரிக்குத் தாவினார். சபை மொத்தமும் ஒரே குரலாக அவர் பின்னால் தாவியது. ஆமென் கூரையை அதிர வைத்தது. ஆக, அந்த ஞாயிறு ஞானமுத்து மாமா மட்டும் அல்ல, நாங்கள் எல்லோருமே அந்த வரியை விழுங்கிவிட்டோம். வேத சாஸ்திரப்படி இது செல்லுமா என்று குருவானவரிடம் கேட்க வேண்டும். அவர் வரும்போது கேட்காமல் இருப்பதே நல்லது என்று உபதேசியார் அபிப்பிராயப்படுகிறார்.

திங்கட்கிழமை வெடி. நானும் போயிருந்தேன். அண்ணன் கிணற்றுக்குக் கிழக்கே, தம்பி மேற்கே. "ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?" என்று மேஸ்திரி கேட்டார். "சம்மதம்" என்று ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. மேஸ்திரிக்கு எதிரொலி கேட்பதுபோல் இருந்திருக்கும். எல்லோரும் ஓடிப்போய் மறைவில் நின்றோம். பாறை அதிர்ந்தது. புகை அடங்கியபின் எட்டிப் பார்த்தால்... பீறிட்டு ஒன்றும் வரவில்லை. பாறை இடுக்கில் கசிவு. செடிக்குப் போதும் என்றார்கள் தெரிந்தவர்கள். மீதிப் பாறையை உடைக்க ஆட்கள் சித்திரையில் திரும்பி வருவார்களாம்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் முறை சாமுவேல் மாமாவுடையது.

காலையில் அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வரவில்லை. வெயில் ஏறியது. அப்போதும் வரவில்லை. அவர் செடியும் வாடித்தான் நின்றது. ஞானமுத்து மாமா வரப்பில் நின்று தம்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். ஊறிய தண்ணீரைப் பார்த்தார். பிறகு செவலையைக் கொண்டுவந்து கமலையில் பூட்டினார். அன்று முழுக்க அண்ணன் காட்டுக்குத் தண்ணீர் பாய்ந்தது. போன வருஷத்துக் கணக்கா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மாட்டிடம்கூட யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, சபை திருந்திவிட்டதா? அதுதானே உங்கள் கேள்வி!

அடுத்த ஞாயிறு எக்ஸ்பிரஸ் பழையபடி கிளம்பிவிட்டது. மாமியாரும் மருமகளும் போட்டி போட்டுக்கொண்டு அந்த வரியைக் கடந்தார்கள். கற்றுக்கொடுத்த அர்த்தத்தை மறப்பதற்கு எங்கள் சபை ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. மனமொத்து நாங்கள் செய்த காரியம் அது ஒன்றுதான். உபதேசியார் முகத்தில் பழைய நிம்மதி.

நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு ஞானமுத்து மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" — வாய் பூட்டியிருந்தது. "எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" — மெதுவாக, முணுமுணுப்பாக, சேர்ந்துகொண்டார்.

வெளியே வந்ததும் விடுவேனா? "பாதி வரி வந்திருச்சே மாமா!"

"கெணறும் பாதிதானடா எறங்கியிருக்கு."

செருப்பை மாட்டியவர் திரும்பி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, நீ முழுசாச் சொல்லிட்டுப் போறியே, ஒனக்கு எதிரின்னு ஒருத்தருமே கெடையாதா? வாராவாரம் பத்திரிகையில எழுதுறேங்கே... எதிரி இல்லாமயா எழுதுறே?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் முகம் பெரிய கேஸ்; அதை இப்போது தொட முடியாது. சின்னதாக ஒன்றில் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். இந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் இருக்கிறாரே — போன வாரம் என் பத்தியின் கடைசிப் பாராவை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தலைவலி மாத்திரை விளம்பரம் போட்டவர் — வருகிற ஞாயிறு அவரை மனத்தில் நிறுத்தி, நிதானமாக, முழு வரியையும் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

இந்தப் பாரா அச்சில் வந்தால்.